இரண்டு முறைப்பாடுகள், இரண்டு பிழைகள்

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

ஏப்ரல் மாதம் வந்தால் எங்கள் வரலாற்றுப் பாடத்தில் ஒரு கேள்வி வரும். பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்வி. பிள்ளைகள் அந்தோனியார் கோயிலைத் தாண்டித்தான் பள்ளிக்கு வருகிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களில் பலர் கைக்குழந்தைகள். ஆனால் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "முந்தியே தெரிஞ்சிருந்தா ஏன் சேர் நிப்பாட்டல்ல?"

அன்றைக்கு நாங்கள் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அது பெரிய கதை மகன்" என்று சொல்லிப் பாடத்துக்குப் போய்விட்டோம். மனம் கேட்கவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறோம். இது யாரைக் குற்றம் சாட்டுவது என்ற கதை அல்ல. அதை நீதிமன்றம் பார்த்துக்கொண்டது. ஒரு முறைப்பாடு, ஒரு எச்சரிக்கை அரசாங்க அலுவலகத்துக்குள் போன பிறகு அதை எப்படி எடை போடுகிறார்கள், எப்படிப் போட வேண்டும் என்ற கதை.

முதலில் பழைய வரலாறு கொஞ்சம்.

முறைப்பாட்டை விசாரிக்கும் கலை நேற்று வந்ததல்ல. கலீபா உமர் (ரழி) காலத்தில் கூபா நகரத்து மக்கள் தங்கள் ஆளுநர் ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்களைப் பற்றி முறையிட்டார்கள். தொழுகையைக்கூட ஒழுங்காக நடத்தத் தெரியாது என்பது வரை போனது அந்தக் குற்றச்சாட்டு. ஸஃது சாதாரண ஆள் அல்ல, மூத்த ஸஹாபி. "அவரைப் பற்றியா சொல்கிறீர்கள்?" என்று கடிதத்தைத் தூக்கி வைத்திருக்கலாம். இல்லையென்றால், கூட்டம் சொல்கிறது என்பதற்காக அவரைக் குற்றவாளி ஆக்கியிருக்கலாம். உமர் இரண்டும் செய்யவில்லை. முதலில் ஸஃதை அழைத்து அவர் பக்கத்தைக் கேட்டார். பிறகு விசாரிக்க ஆள் அனுப்பினார். அனுப்பப்பட்டவர் கூபாவின் பள்ளிவாசல் ஒவ்வொன்றாகப் போய், அங்கிருந்த மக்களிடமே கேட்டார். எல்லாப் பள்ளியிலும் நல்ல வார்த்தைதான் வந்தது. ஒரேயொரு பள்ளியில் ஒரேயொருவர் எழும்பி எதிராகச் சொன்னார். அதையும் அவர் மறைக்கவில்லை. அதனால்தான் அந்தச் செய்தி புகாரி கிரந்தம் வரை வந்து நம் கையில் இருக்கிறது.

இதில் உள்ள முறையைக் கவனியுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்டல். முறையிட்டவர்களோடு நிற்காமல், நேரில் பார்த்த மற்றவர்களையும் கேட்டல். ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் கேட்டல். எதிரான சொல்லையும் பதிவு செய்தல். இன்று மதிப்பீட்டுத் துறை படிக்கிறவர்களுக்கு இதைத்தான் பெரிய பெயர்கள் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஐரோப்பாவில் இந்த வேலைக்கென்று ஒரு பதவி சுவீடனில் தோன்றியது. பன்னிரண்டாம் சார்ள்ஸ் மன்னன் போரில் தோற்று உஸ்மானியர் நாட்டில் தஞ்சம் புகுந்திருந்த காலம். தான் இல்லாத நேரத்தில் தன் அதிகாரிகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க 1713இல் ஒருவரை நியமித்தான். 1809இல் சுவீடன் பாராளுமன்றம் தனக்கென்று ஒரு ஒம்புட்ஸ்மனை வைத்துக்கொண்டது. 1962இல் நியூசிலாந்து, 1967இல் பிரித்தானியா என்று அது பரவியது.

எங்கள் நாட்டுக்கு வருவோம். கரையோரம் பிரித்தானியர் கைக்கு வந்து சில வருடங்களிலேயே, 1799இல், கணக்குப் பார்க்க ஒரு கணக்காய்வாளரை நியமித்தார்கள். இன்றைய கணக்காய்வாளர் நாயகம் திணைக்களத்தின் தொடக்கம் அதுதான். அப்போது வேலை எளிது. காசு வந்ததா, போனதா, பற்றுச்சீட்டு இருக்கிறதா? பிறகு மெல்ல மெல்லக் கேள்வி மாறியது. காசு செலவழித்தது சரி, அதனால் என்ன பயன் கிடைத்தது? சிக்கனம், வினைத்திறன், விளைதிறன் என்று மூன்று சொல் வந்தது. ஒரு வடிகான் கட்டக் கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு சரியாக இருக்கலாம். மழை பெய்தால் தண்ணீர் ஓடுகிறதா என்பதுதான் மூன்றாவது கேள்வி. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் இந்த வேலைக்கு இன்னும் பலம் கொடுத்தது.

மக்களின் முறைப்பாட்டுக்கென்று ஒருவர் 1978 யாப்பில்தான் வந்தார். 156ஆம் உறுப்புரை. நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர், அதாவது ஒம்புட்ஸ்மன். 1981இன் 17ஆம் இலக்கச் சட்டம் அந்த அலுவலகத்தை அமைத்தது. ஆனால் ஒரு தடை வைத்தார்கள். பிரித்தானியாவைப் போலவே, பொதுமகன் நேரே போக முடியாது. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலம் பொதுமனுக்கள் பற்றிய குழுவுக்குப் போய், அங்கிருந்துதான் ஒம்புட்ஸ்மனிடம் வர வேண்டும். எம்பியைத் தெரியாத கொச்சிக்கடைக்காரனுக்கு ஒம்புட்ஸ்மனும் இல்லை! 1994இன் 26ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் அந்தக் கதவை நேரே திறந்தது. இன்றைக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். ஆனால் அவரால் பரிந்துரைக்கத்தான் முடியும், கட்டளையிட முடியாது.

1996இல் மனித உரிமைகள் ஆணைக்குழு, 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று கதவுகள் கூடிக்கொண்டே வந்தன. அப்படியென்றால் 2019இல் என்ன நடந்தது?

அந்த ஒரே வருடத்தில் இந்த நாட்டில் இரண்டு பெரிய பிழைகள் நடந்தன. ஒன்று, உண்மையான முறைப்பாட்டைக் கணக்கில் எடுக்காத பிழை. மற்றது, பொய்யான முறைப்பாட்டை உடனே நம்பிய பிழை. இரண்டும் எங்கள் சமூகத்தின் தலையில்தான் விழுந்தன. அதனால் எங்களுக்கு இரண்டையும் பற்றிப் பேச உரிமை இருக்கிறது, கடமையும் இருக்கிறது.

முதலாவது பிழை.

2017 மார்ச் 10ஆம் திகதி காத்தான்குடி அலியார் சந்தியில் மோதல் நடந்தது. சஹ்ரானின் ஆட்கள் வாளோடு வந்தார்கள். அந்த ஊர் முஸ்லிம்கள்தான் அவனுக்கு எதிராக முறைப்பாடு செய்தார்கள். அவன் ஊரை விட்டுத் தலைமறைவானான். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் ஒரு தோட்டத்தில் வெடிபொருட்கள் அகப்பட்டன. மார்ச்சில், மாவனல்லை விசாரணைக்கு உதவிய முஸ்லிம் ஒருவர் தன் வீட்டில் வைத்தே சுடப்பட்டார். ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. காத்தான்குடி ஒரு அலுமாரியில், மாவனல்லை இன்னொன்றில், வனாத்தவில்லு வேறொன்றில். எல்லாக் கோப்பையும் ஒரே மேசையில் விரித்து வைத்து, "இதில் ஒரே பெயர்கள் வருகின்றனவே" என்று கேட்டு அவசரமாக முடிவெடுக்க ஒரு ஏற்பாடு இருக்கவில்லை.

பிறகு ஏப்ரல். 4ஆம் திகதி வெளிநாட்டு உளவுத்துறையிடமிருந்து அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளருக்குத் தகவல் வந்தது. 7ஆம் திகதி அவர் தேசிய புலனாய்வுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். 9ஆம் திகதி அந்தத் தலைவர் பொலிஸ் மாஅதிபருக்கு எழுதினார். அதே 9ஆம் திகதி பாதுகாப்பு அமைச்சில் வாராந்தப் புலனாய்வுக் கூட்டம் நடந்தது. அங்கே இந்த விடயம் உரிய முறையில் பேசப்படவில்லை. 11ஆம் திகதி ஒரு பிரதிப் பொலிஸ் மாஅதிபர் சில பிரிவுகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். 16ஆம் திகதி காத்தான்குடிப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்தது. 21ஆம் திகதி காலை 8.45 அளவில் எங்கள் கொச்சிக்கடையில் பூசை நடந்துகொண்டிருந்தது.

அன்றைய நாளைப் பற்றி நாங்கள் அதிகம் எழுதப் போவதில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு எழுத வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அந்தக் கோயில் வாசலில் சைவரும் முஸ்லிமும் பௌத்தரும் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நாடு முழுவதும் 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் எங்கள் தெருக்களின் முகங்களும் இருந்தன.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். தெரிந்திருந்தது. ஏன் நிறுத்தவில்லை?

கணக்காய்வாளர்களிடம் ஒரு முறை இருக்கிறது. எந்த விடயத்தைப் பார்த்தாலும் ஐந்து கேள்வி கேட்பார்கள். என்ன நடந்திருக்க வேண்டும்? என்ன நடந்தது? இரண்டுக்கும் இடையில் ஏன் வித்தியாசம்? அந்த வித்தியாசத்தால் என்ன விளைந்தது? இனி என்ன செய்ய வேண்டும்? ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. விடைத்தாள் திருத்தும்போது முதலில் புள்ளித்திட்டத்தைக் கையில் எடுக்கிறோம். புள்ளித்திட்டம் இல்லாமல் திருத்தினால், பிள்ளையின் கையெழுத்தைப் பார்த்துப் புள்ளி போடும் நிலைதான் வரும். விசாரணையிலும் அப்படித்தான். "என்ன நடந்திருக்க வேண்டும்" என்று முதலில் எழுதி வைக்காவிட்டால், ஆளின் பதவியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வோம்.

2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் 12 அடிப்படை உரிமை மனுக்களில் கொடுத்த தீர்ப்பை இந்த ஐந்து கேள்வியோடு வாசித்துப் பாருங்கள், விளங்கும்.

என்ன நடந்திருக்க வேண்டும்? குற்றத்தைத் தடுக்கத் தன்னால் ஆன மட்டும் முயல்வது பொலிஸாரின் கடமை என்று பொலிஸ் கட்டளைச் சட்டமே சொல்கிறது. தேசிய பாதுகாப்புச் சபை ஒழுங்காகக் கூட வேண்டும். என்ன நடந்தது? கடிதம் கையிலிருந்து கைக்குப் போனது. பெப்ரவரி 19க்குப் பிறகு பாதுகாப்புச் சபை கூடவேயில்லை. ஏன்? ஒவ்வொருவரும் "நான் மேலே அறிவித்துவிட்டேன்", "நான் கீழே அனுப்பிவிட்டேன்" என்று நினைத்தார்கள். அதற்கு மேல், 2018 ஒக்டோபரில் ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையில் வந்த பிளவு பாதுகாப்புச் சபைக்குள்ளும் புகுந்திருந்தது. விளைவு நமக்குத் தெரியும். பரிகாரம்? சமத்துவத்துக்கும் மத சுதந்திரத்துக்குமான உரிமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் தீர்த்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா, பொலிஸ் மாஅதிபர் பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவைப் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, தேசிய புலனாய்வுத் தலைவர் சிசிர மென்டிஸ் 1 கோடி. எல்லாமாக 31 கோடி ரூபா, சொந்தக் காசிலிருந்து. முன்னாள் ஜனாதிபதி அதைத் தவணை தவணையாகச் செலுத்தினார்.

இந்தத் தீர்ப்பின் பெரிய பாடம் தொகையில் இல்லை. "அனுப்பிவிட்டேன்" என்பது வேலை முடிந்ததற்குச் சாட்சி அல்ல என்பதில்தான் இருக்கிறது. தகவல் வந்தவர் அதன் பெறுமதியை எடை போட்டாரா, அந்த எடைக்கு ஏற்ற அவசரம் காட்டினாரா என்பதைத்தான் நீதிமன்றம் பார்த்தது.

இரண்டாவது பிழை.

குண்டுவெடிப்பு நடந்து ஒரு மாதம். மே மாத நடுவில் குளியாப்பிட்டிய, மினுவாங்கொடைப் பக்கம் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்து முடிந்திருந்தன. மே 23ஆம் திகதி ஒரு சிங்களப் பத்திரிகையின் முன்பக்கத்தில், பெயர் போடாத ஒரு வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்ததாகச் செய்தி வந்தது. அடுத்த நாட்களில் குருநாகல் போதனா வைத்தியசாலையின் டொக்டர் ஷாபி சிஹாப்தீன் கைதானார். முறைப்பாடு செய்ய வரச் சொல்லி அழைப்பும் போனது. 800க்கும் மேற்பட்ட பெண்கள் முறைப்பாடு செய்தார்கள்.

800 என்ற எண்ணைக் கேட்டால் யாருக்கும் நெஞ்சு திடுக்கிடும். எங்கள் ஆசிரியர் அறையிலேயே "இவ்வளவு பேர் சும்மாவா சொல்லுவாங்க?" என்ற குரல் கேட்டது. ஆனால் முறைப்பாட்டின் எண்ணிக்கை வேறு, சாட்சியின் எண்ணிக்கை வேறு. ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு 800 பேர் சந்தேகப்பட்டால் அது 800 சாட்சி அல்ல. ஒரு செய்தி, 800 பயம். அந்தப் பெண்களை நாங்கள் குறை சொல்லவில்லை. பிள்ளை தங்காத ஒரு பெண்ணிடம் பத்திரிகை காரணம் காட்டினால் அவள் பயப்படத்தான் செய்வாள். பிழை, அந்தப் பயத்தை எடை போடாமல் சாட்சியாக எடுத்தவர்களுடையது.

குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கூபாவில் நடந்ததைத்தான் செய்தது. முறையிட்டவர்களோடு நிற்காமல், சத்திரசிகிச்சைக் கூடத்தில் உடன் நின்ற தாதியரையும் வைத்தியர்களையும் கேட்டது. சீசர் செய்வது ஒருவர் தனியாக மூலையில் நின்று செய்யும் வேலை அல்ல. மயக்க மருந்து கொடுப்பவர், உதவி வைத்தியர், தாதி என்று எத்தனையோ கண்கள். ஒருவருக்கும் தெரியாமல் ஆயிரக்கணக்கில் செய்வது நடக்கக் கூடியதா? 2019 ஜூன் கடைசியில், குற்றச்சாட்டை நிரூபிக்கச் சாட்சி இல்லை என்று திணைக்களம் குருநாகல் நீதவானிடம் அறிவித்தது. ஜூலை 25ஆம் திகதி பிணை கிடைத்தது. வேலை திரும்பக் கிடைக்க வருடங்கள் எடுத்தன. 2022இல் நிலுவைச் சம்பளம் வந்தபோது நாடு மருந்தில்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. அந்தக் காசை அவர் வைத்தியசாலைகளுக்கு மருந்து வாங்கக் கொடுத்தார். இறுதியில் வழக்கிலிருந்தும் விடுதலையானார்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காத்தான்குடி முறைப்பாடு வந்தபோது, "இது அவங்கட உள்வீட்டுச் சண்டை" என்று பார்த்தவர்கள் உண்டு. குருநாகல் முறைப்பாடு வந்தபோது, "அவங்க செய்யக்கூடியவங்கதான்" என்று பார்த்தவர்கள் உண்டு. இரண்டிலும் முறைப்பாட்டின் உள்ளடக்கத்தைப் பார்க்கவில்லை. யார் சொன்னது, யாரைப் பற்றிச் சொன்னது என்றுதான் பார்த்தார்கள். ஒன்றில் 260க்கும் மேற்பட்ட உயிர் போனது. மற்றதில் ஒரு மனிதனின் மானமும் ஒரு குடும்பத்தின் நிம்மதியும் போனது.

நாங்களும் சுத்தமான ஆட்கள் அல்ல. சில வருடங்களுக்கு முன் வடிகான் அடைத்துப் பள்ளி வாசலில் தண்ணீர் நின்றது. ஆசிரியர்கள் சேர்ந்து ஓர் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினோம். பதில் இல்லை. நேரே போய்க் கேட்டால், அப்படி ஒரு கடிதம் வரவேயில்லை என்றார்கள். எங்களிடம் பிரதி இல்லை, திகதி இல்லை, பதிவுத் தபால் சீட்டும் இல்லை. கோபத்தில் எழுதியிருந்தோம். "பொறுப்பில்லாத அதிகாரிகள்" என்று நாலு வரி. எந்த இடம், எத்தனை நாள், எத்தனை பிள்ளைகள் என்று ஒரு வரிகூட இல்லை. நாலாவது கடிதத்தில் இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் தண்ணீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து எழுதினோம். பிள்ளைகள்தான் அளந்தார்கள். படமும் வைத்தோம். அந்த மாதமே ஆட்கள் வந்தார்கள். விசாரிப்பவருக்கு எடை போடச் சாமான் கொடுக்காமல், எடை போடவில்லை என்று கத்திக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் விளங்கியது.

அதனால் எங்கள் ஊராருக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்.

முறைப்பாடு எழுதினால் திகதி, இடம், நேரில் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது என்று பிரித்து எழுதுங்கள். கண்டதையும் கேட்டதையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கையில் கொடுத்தால் ஏற்றுக்கொண்டதற்கு எழுத்து வாங்குங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "என் முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது" என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். இந்த ஒரு கேள்வி, "அனுப்பிவிட்டேன்" என்ற பதிலுக்குப் பின்னால் ஒளிய விடாது.

அடிப்படை உரிமை மீறலென்றால் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் காலம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இது தெரியாமல் காலம் கடத்தியவர்கள் பலர். நிர்வாக அநீதி என்றால் ஒம்புட்ஸ்மனுக்கு நேரே எழுதலாம். எம்பியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இன்னொன்று, இது கொஞ்சம் கசப்பு. வாட்ஸ்அப்பில் ஒருவரைப் பற்றிக் குற்றச்சாட்டு வந்தால், குருநாகலை நினையுங்கள். அது எங்கள் ஆளைப் பற்றியதாக இருந்தாலும் சரி, மற்ற ஆளைப் பற்றியதாக இருந்தாலும் சரி. எங்களுக்கு நடந்தபோது அழுத நாங்கள், இன்னொருவருக்கு அதையே ஃபோர்வர்ட் செய்யக் கூடாது. அதேபோல, எங்களுக்குள் ஒருவன் பிழையான பாதையில் போகிறான் என்று யாராவது சொன்னால் காத்தான்குடியை நினையுங்கள். "சமூகத்துக்குக் கெட்ட பெயர் வரும்" என்று மூடி வைக்க வேண்டாம். அந்த ஊர் மக்கள் மூடி வைக்கவில்லை, சொன்னார்கள். அது எங்கள் சமூகத்தின் பெருமை. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கேள்வி கேட்ட பிள்ளைக்கு அடுத்த பாடத்தில் பதில் சொன்னோம். "தெரிஞ்சவங்க இருந்தாங்க மகன். சொன்னவங்களும் இருந்தாங்க. சொன்னதை நிறுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை" என்று.

பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டது: "இப்ப ஆள் இருக்கா சேர்?"

அதற்குப் பதில் நாங்கள் மட்டும் சொல்ல முடியாது. உங்களில் யாராவது ஒரு அலுவலகத்தில் முறைப்பாட்டுக் கடிதம் பிரிக்கும் மேசையில் இருந்தால், நாளைக்கு வரும் முதல் கடிதத்தைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள்.